குடைக்கோரை வாங்கியவர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகிற ரோட்டில் நம் நர்சரி எங்கே இருக்கிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பச்சை வலைக் கூரை, வாசலில் உடைந்த ஆட்டுக்கல், மத்தியானம் போனால் கடைக்காரன் தூங்கிக்கொண்டிருப்பான் என்பதுவரை தெரிந்தவர்கள் நீங்கள். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

பத்து நாளாக வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ சுற்றுகிறது. உங்களில் பலர் அதை எனக்கே அனுப்பி, "அண்ணா, இது உங்க கடைத் தொட்டியா?" என்று கேட்டீர்கள். கேட்டதில் தப்பில்லை. என்னைக் கேட்காமல் இன்னும் பத்துப் பேருக்கு அனுப்பியவர்களும் உண்டு. அவர்களையும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

போட்டோவில் ஒரு சிமெண்ட் தொட்டி. நடுவில் நம் குடைக்கோரை, தண்ணீர்த்தொட்டியில் அழகுக்கு வைக்கிற அந்தச் செடி, நன்றாகத்தான் நிற்கிறது. அதைச் சுற்றி முழங்கால்கூட வராத உயரத்தில் வேறொரு கோரை மண் தெரியாமல் மண்டியிருக்கிறது. பக்கத்துப் புல்தரையிலும் அதேதான். கீழே ஒரு வரி: "வாய்க்கால் கோரையைப் பிடுங்கித் தொட்டியில் வைத்துக் காசுக்கு விற்கிறார்கள்."

செடி பட்டுப்போகும், பூச்சி விழும், வாங்கியவர்கள் குறை சொல்வார்கள், மாற்றிக் கொடுப்போம். இருபது வருடமாக இதெல்லாம் பழகிப்போனதுதான். ஆனால் 'வாய்க்காலில் பிடுங்கியது' என்ற அந்த ஒரு சொல்லில் எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அதனால் இதைக் கொஞ்சம் விலாவாரியாகச் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் கடைக் குடைக்கோரை முழுக்க ஒரே தாய்த்தூரிலிருந்து வந்தது. 2011இல் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டுக் கிணற்றடியில் நெஞ்சுயரத்துக்கு நின்றதைப் பார்த்து, இரண்டு ஒட்டு மாங்கன்று கொடுத்துப் பாதித் தூர் வாங்கி வந்தேன். சாக்கில் கட்டி பஸ் கூரையில் போட்டுக்கொண்டு வந்த ஞாபகம் இன்னும் இருக்கிறது. அந்தத் தூர் இப்போதும் பின்பக்கத் தண்ணீர்த்தொட்டி ஓரத்தில்தான் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். வாய்க்கால் ஓரத்தில் இதே செடியைப் பார்த்தேன் என்றால் அதையும் நான் மறுக்கவில்லை. இது ஆப்பிரிக்காவையும் மடகாஸ்கரையும் சேர்ந்த செடி. யாரோ வேண்டாமென்று வீசிய தூர் தண்ணீரில் போய் ஒதுங்கி வேர் பிடித்திருக்கும். வாய்க்காலிலிருந்து என் கடைக்கு அது வரவில்லை. என் கடை மாதிரியான இடங்களிலிருந்துதான் வாய்க்காலுக்குப் போயிருக்கும். (இதைச் சொன்னதும் என் வீட்டம்மா, "இதை எழுதாம இருந்தா என்ன?" என்றார். எழுதியாயிற்று.)

இரண்டுமே கோரைதான் என்பதால் வந்த குழப்பம் இது. வயல்காரர்களுக்குக் கோரை என்றாலே களை. பத்தமடைக்காரர்களுக்கு அதுவே பாய். கரூர், முசிறிப் பக்கம் காவிரிக் கரையில் அதைப் பயிராகவே வைத்து அறுக்கிறார்கள். நம் பாரதப்புழையோரம் கிள்ளிமங்கலத்திலும் புல்பாய் நெய்கிறவர்கள் உண்டு. சைப்பரேசி என்ற அந்தக் குடும்பத்தில் உலகம் முழுக்க ஐயாயிரத்துக்கும் மேல் இனங்கள். எல்லாவற்றையும் ஒரே பெயரில் கூப்பிட்டால் இப்படித்தான்.

முதலில் புல்லா கோரையா என்று பாருங்கள். தண்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டுங்கள். புல் வழுக்கிக்கொண்டு உருளும். கோரை மூன்று மூலையாய் விரலில் தட்டும். நறுக்கிப் பார்த்தால் புல்தண்டு பெரும்பாலும் உள்ளே கூடாக இருக்கும், மூங்கில் மாதிரி கணு இருக்கும். கோரைத்தண்டு கணு இல்லாமல், உள்ளே வெள்ளைச் சோறு நிறைந்திருக்கும். நம் குடைக்கோரையில் மட்டும் இந்த மூலை அவ்வளவு தெளிவாகத் தெரியாது. அடியில் உருண்டையாகவே தோன்றும், குடைக்குக் கொஞ்சம் கீழே உருட்டினால் ஓரளவு தெரியும். இதை வைத்துக்கொண்டு "இது கோரையே இல்லை" என்று ஒருவர் சண்டைக்கு வந்தது தனிக் கதை.

குடைக்கோரை என்று நான் சொல்வதைத்தான் நீங்கள் 'அம்ப்ரெல்லா பாம்' என்று கேட்டு வாங்குகிறீர்கள். பனைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. தண்டின் உச்சியில் குடைக்கம்பி மாதிரி நீள இலைகள் சுற்றிலும் விரியும். இடுப்புக்கு மேல், நன்றாக இருந்தால் நெஞ்சளவு வளரும். அடியில் இருப்பது குட்டையான, கெட்டியான கட்டைவேர். அதில் கிழங்கு கிடையாது. இந்த ஒரு வரியை மட்டும் தயவுசெய்து அந்த போட்டோ போன இடத்துக்கெல்லாம் அனுப்புங்கள்.

போட்டோவில் மண்டியிருப்பது முத்தக்காசு, நம் பக்கத்து மலையாளத்தில் முத்தங்கா. கரும்பச்சை இலை, செம்பழுப்புப் பூங்கதிர். பிடுங்கினால் நூல் மாதிரி வேர்த்தண்டு, அதில் மணி கோத்ததுபோல் கறுப்புக் கிழங்குகள். ஒன்றை நசுக்கி முகர்ந்தால் தெரிந்துவிடும். வீட்டில் பாட்டி அரைத்த குளியல் பொடியின் வாசனையில் பாதி அதுதான். 1753இல் லின்னேயஸ் இதற்கு சைப்பரஸ் ரோட்டண்டஸ் என்று பெயர் வைத்தார். ரோட்டண்டஸ் என்றால் உருண்டை. தண்டோ முக்கோணம், பெயரோ உருண்டை. கிழங்கைப் பார்த்து வைத்த பெயராக்கும். உலகத்தின் மோசமான களைகளை வரிசைப்படுத்தி 1977இல் எழுதியவர்கள் இதற்குத்தான் முதலிடம் கொடுத்தார்கள். அப்படிப்பட்டதை நான் காசுக்கு விற்பேனா?

அப்புறம் அது தொட்டிக்குள் எப்படி வந்தது என்பீர்கள். தண்ணீரில் நிற்கிற செடிக்குத் தேங்காய் நார்க்கழிவு சரிப்படாது. தண்ணீர் ஊற்றினால் மிதந்து மேலே வரும், தூர் சாயும். கனமான மண்தான் வேண்டும், அதனால் ஏரி வண்டல் போடுகிறோம். அதைச் சலித்து, களத்தில் பரப்பி, கிழங்கு பொறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தவர் நம்மிடம் பன்னிரண்டு வருடம் இருந்த அக்கா. உங்களுக்கெல்லாம் தெரியும், எதை வாங்கினாலும் கூடவே ஒரு துளசிக் கன்றைக் காகிதத்தில் சுற்றிக் கையில் திணிப்பாரே, அவர். மாசியில் மகள் பிரசவத்துக்கென்று திருப்பூர் போனவர் பேரனோடு அங்கேயே தங்கிவிட்டார். நன்றாக இருக்கட்டும். அந்த வேலைக்கு இன்னும் ஆள் அமையவில்லை. சித்திரையில் இறங்கிய இரண்டு லோடு வண்டல் சலிக்காமல் போய்விட்டது.

சரி, இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். வைகாசி, ஆனியில் வாங்கியவர்கள் தொட்டியைக் கவிழ்த்துத் தூரை வெளியே எடுங்கள். குழாயடியில் வைத்து மண் முழுக்கப் போகும்வரை அலசுங்கள். கட்டைவேருக்குள் புகுந்திருக்கும் நூல்வேரை விரலால் உருவி எடுங்கள். பாதியில் அறுந்தால் மிச்சக் கிழங்கு தூங்கி எழுந்து தனித்தனியாய் முளைக்கும், அதனால் அவசரம் வேண்டாம். பழைய மண்ணை மொட்டை மாடியில் மெல்லிசாகப் பரப்பி, கிழங்கு சுருங்கி வற்றும்வரை காயப் போடுங்கள். மழை நாளில் இது ஆகாது, நன்றாக வெயில் தொடங்கியபின் செய்யுங்கள். எருக்குழியில் போடாதீர்கள். வாய்க்காலில் போடவே போடாதீர்கள், அந்தப் பழியும் என் தலையில் விழும். புல்தரையில் பரவியிருந்தால் மண் ஈரமாக இருக்கும்போது களைக்கொத்தால் ஆழமாக நெம்பிக் கிழங்கோடு எடுங்கள். வாராவாரம் எடுக்க வேண்டும். பிளாஸ்டிக் தாள் போட்டு மூடலாம் என்று நினைக்காதீர்கள், அதைக் குத்திக்கொண்டு வரும். நிழல்தான் அதற்கு ஆகாது, அடர்த்தியாக எதையாவது நட்டுவிடுங்கள்.

குடைக்கோரையைத் திரும்ப வைக்கும்போது ஓட்டை இல்லாத தொட்டியில், மண்ணுக்கு மேல் நாலு விரல் தண்ணீர் நிற்கட்டும். இரண்டு கப்பி மீன் விடுங்கள், கொசுவுக்கு நல்லது. வெயிலிலும் வளரும், அரை நிழலிலும் வளரும். தண்ணீர் வற்றினால் மட்டும் குடை நுனி பழுப்பாகிவிடும். பழுத்த தண்டை அடியோடு வெட்டுங்கள். புதுச் செடி வேண்டுமென்றால் என்னிடம் வரவே தேவையில்லை. ஒரு குடையை இரண்டு அங்குலத் தண்டோடு வெட்டி, இலைகளைப் பாதியாகக் கத்தரித்து, தண்ணீர்க் கிண்ணத்தில் தலைகீழாகப் போடுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் நடுவிலிருந்து வேரும் குருத்தும் வரும். வியாபாரி இதைச் சொல்லக் கூடாதுதான்.

இந்தப் பத்து நாளில் சித்தூரிலிருந்தும் கோபாலபுரத்திலிருந்தும் வண்டி எடுத்துக்கொண்டு வந்து, "நாங்க நம்பல" என்று சொல்லிவிட்டு ஆளுக்கொரு செடி வாங்கிப் போனவர்களை மறக்க மாட்டேன். ஒரு டீச்சரம்மா தொட்டியில் கிளம்பிய கிழங்கையெல்லாம் கழுவிக் காயவைத்து, பூலாங்கிழங்கோடு சேர்த்துக் குளியல் பொடி அரைத்து, எனக்கே ஒரு டப்பா கொண்டுவந்து கொடுத்தார். "ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசம்னு போட்டிருக்கலாமே" என்று சிரித்தார். நானும் சிரித்தேன், கொஞ்சம் கழித்து.

போட்டோ போட்ட அந்த வாடிக்கையாளருக்கும் கதவு திறந்துதான் இருக்கிறது. தொட்டியைக் கொண்டுவந்தால் நானே உட்கார்ந்து அலசிக் கொடுக்கிறேன், புது மண்ணும் போட்டுத் தருகிறேன். மற்றவர்களுக்கும் அப்படியே. காலை ஏழிலிருந்து பத்துக்குள் வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நர்சரிக்காரன்

பி.கு.: வண்டல், வண்டிவாடகை இரண்டும் ஏறியதால் குடைக்கோரைத் தொட்டி 180 ரூபாயிலிருந்து 240 ஆகிறது. வீட்டுக்குக் கொண்டுவந்து தருவது இனி சனிக்கிழமை மட்டும்.