பிரவுனிகளும் பெருங்காய டப்பாவும்

எடிசன், நியூ ஜெர்சி

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது?

பாப்பா கேர்ள் ஸ்கவுட்டில் சேர்ந்ததைப் போனில் சொன்னேன். நானும் மாட்டிக்கொண்டதைச் சொல்லவில்லை. முதல் கூட்டத்தில் "உதவிக்கு யாராவது வருகிறீர்களா?" என்றார்கள். மற்ற அம்மாக்கள் எல்லோரும் செல்போனைப் பார்த்தார்கள். நான் நிமிர்ந்து பார்த்துத் தொலைத்தேன். இப்போது 12 பிரவுனிகளுக்கு நான் துணைத் தலைவி. இரண்டாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர். நம் ஊர் சாரணர் இயக்கத்தில் சின்னப் பெண்களுக்கு இருக்கிற புல்புல் மாதிரி. நீ பள்ளியில் செய்த மூன்று விரல் சல்யூட், இடது கைக் குலுக்கல் எல்லாம் இங்கேயும் உண்டு.

ஒரு விஷயத்தைக் கற்று முடித்தால் ஒரு பேட்ஜ் கிடைக்கும். எந்த பேட்ஜ் செய்வது என்று பிள்ளைகளே முடிவு செய்ய வேண்டுமாம். என்னைக் கேட்டிருந்தால் முதலுதவி என்றிருப்பேன். ஓட்டெடுத்ததில் பூச்சி ஜெயித்தது. நவம்பர் குளிரில் இங்கே ஓர் எறும்புகூடக் கண்ணில் படாது; அதை மே மாதத்துக்குத் தள்ளினோம். அடுத்தது பானை. சூளைக்கு எங்கே போவது? கடைசியில் ஐம்புலன் பேட்ஜ் என்று நான்தான் நுழைத்தேன். அதில் ருசி பார்க்கிற வேலையும் உண்டு என்றதும் எல்லாக் கையும் தூக்கியாயிற்று.

ஒரு பேட்ஜுக்கு 5 படி, ஒவ்வொரு படிக்கும் 3 வழி, அதில் ஒன்றைச் செய்தால் போதும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒரே கூட்டத்தில் இரண்டு பேட்ஜ் முடிக்கலாமே என்று கேட்கிற அம்மாக்களும் இருக்கிறார்கள். டியூஷன் அம்மாக்கள் எல்லா ஊரிலும் ஒரே ஜாதி.

முகர்கிற படிக்குச் சுக்கு, ஏலக்காய், பெருங்காயம் என்று டப்பாவில் போட்டு வீட்டில் ஒத்திகை பார்த்தேன். பக்கத்து வீட்டுப் பிள்ளை பெருங்காயத்தை முகர்ந்துவிட்டு "சாக்ஸ்" என்றாள். பாப்பா "ரசம்!" என்று கத்தினாள். வேர்க்கடலை மட்டும் கிட்டவே வரக்கூடாது, ஒருத்திக்கு ஒவ்வாமை. தொட்டுப் பார்க்கச் சோழியும் புளியங்கொட்டையும். குன்றிமணியும் போடலாம் என்றிருந்தேன். விஷமாயிற்றே என்று விட்டுவிட்டேன்.

காதுக்கான படிதான் பாக்கி. 1912-ல் இந்த இயக்கத்தை ஆரம்பித்த ஜூலியட் கார்டன் லோ அம்மாளுக்கே காது சரியாகக் கேட்காது, தெரியுமா? கல்யாணத்தன்று தூவிய அரிசியில் ஒன்று காதுக்குள் போய்விட்டதாம். நம் அட்சதை மாதிரிதான். இனி எந்தக் கல்யாணத்திலும் கொஞ்சம் பார்த்துப் போடு.

அந்தக் காதுப் படிக்குத்தான் உன் உதவி வேண்டும். தம்பியைக் காலை ஆறு மணிக்கு எழுப்பி, மொட்டை மாடியிலிருந்து செல்போனில் பதிவு செய்யச் சொல். கபாலி கோயில் மணி, குக்கர் விசில், ஆட்டோ ஹார்ன், கீரைக்காரம்மா. ஒவ்வொன்றும் அரை நிமிஷம் போதும். இங்கே பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடிக்க வேண்டும். நடுவில் யாரும் பேசக்கூடாது, முக்கியமாக அப்பா.

கீரைக்காரம்மா இப்போதும் வருகிறாரா? வராவிட்டால் நீயே ஒரு தடவை கூவி அனுப்பு. மற்றவர்களுக்குத் தெரியவா போகிறது? பாப்பா கண்டுபிடித்துவிடுவாள், பரவாயில்லை.

உன் அன்பு மகள்