தும்பியளையும் கொஞ்சம் பாருங்கோ

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

2021ல எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிஞ்சு பிளாஸ்டிக் மணியள் கரையெல்லாம் ஒதுங்கேக்க மீனைப் பற்றி, ஆமையைப் பற்றி எல்லாரும் கதைச்சம், சரிதான், ஆனா கொழும்பில வெள்ளவத்தைக் கால்வாயில, பேரை வாவியில இருக்கிற பூச்சியளைப் பற்றி ஒருத்தரும் கதைக்கிறேல்லை. சோறு சுத்துற பொலித்தீன் லஞ்ச் ஷீட்டும் ஷொப்பிங் பேக்கும் வெயில்ல காஞ்சு உடைஞ்சு 5 மில்லிமீற்றரை விடச் சின்னத் துண்டாகி அடிச் சேத்தில படியுது, பூச்சிக் குடம்பியள் (முட்டையால வாற புழுக்கள்) கனக்க வளருறதும் அந்தச் சேத்திலதான்.

நுளம்புக் குடம்பி தண்ணியில மிதக்கிற துகளை வடிச்சுத் தின்னுறது, அதுக்கு எது சாப்பாடு எது பிளாஸ்டிக் எண்டு தெரியாது. 2018ல இங்கிலாந்து ரெடிங் யூனிவர்சிட்டி ஆக்கள் ஆய்வுகூடத்தில பாத்ததில, குடம்பி தின்ன பிளாஸ்டிக் அது பறக்கிற நுளம்பா மாறின பிறகும் உடம்புக்குள்ள இருந்திருக்கு. அப்ப அந்த நுளம்பைப் பிடிக்கிற தும்பி, சிலந்தி, வௌவால் எல்லாத்துக்கும் அது போக வழியிருக்குத்தானே, நாங்கள் தண்ணியில போட்ட குப்பை செட்டை முளைச்சுப் பறக்குது எண்டு நினைக்கவே நெஞ்சு பதறுது.

லஞ்ச் ஷீட்டுக்கு 2017லயே தடை வந்தது, எங்கட ரோட்டுக் கடையில சோத்துப் பார்சல் இப்பவும் அதிலதான். அடுத்த வருசமே, ஈரநிலங்களைக் காக்கிற ராம்சார் உலக ஒப்பந்தத்தின்ர ஈரநில நகரம் எண்ட பேரும் கொழும்புக்குக் கிடைச்சது. கால்வாய்த் தண்ணியைச் சோதிக்கிறவை அடிச் சேத்தையும் பூச்சியளையும் சேத்துச் சோதிக்கோணும், முடிவைத் தமிழிலயும் போடோணும்.

இப்படிக்கு,
வெள்ளவத்தை வாசகி