எங்கள் சூரியப் படகுக்குக் கை கொடுத்தவர்களுக்கு

மட்டக்குளி, கொழும்பு 15

அன்புள்ள உறவுகளே, நண்பர்களே, அயலவர்களே, கடன் தந்த கடைக்காரர்களே,

படகு ஓடுகிறது. களனி ஆற்றில், ஒரு துளி எண்ணெய் இல்லாமல், ஆறு பேரை ஏற்றிக்கொண்டு ஓடுகிறது. கேட்டவர்களுக்கெல்லாம் தனித்தனியாகச் சொல்லி முடியவில்லை, அதனால்தான் இந்த மடல். பெயர் போட வேண்டாம் என்று உங்களில் பாதிப் பேர் சொல்லிவிட்டீர்கள். மற்றப் பாதியின் பெயரை மட்டும் போட்டால் சண்டை வரும். ஆகவே யார் பெயரும் இல்லை. யாரைச் சொல்கிறோம் என்று அவரவருக்குத் தெரியும்.

முகத்துவாரத்து மாமாவிலிருந்து தொடங்க வேண்டும். 2022இல் மண்ணெண்ணெய் கிடைக்காமல் வள்ளங்கள் கரையிலேயே கிடந்த நாட்களில், "வெயிலுக்கு மட்டும்தான் இன்னும் கியூ இல்லை" என்று சொன்னவர் அவர். நாங்கள் அதைப் பகிடியாக விடாமல் படம் கீறிக்கொண்டு போய் அவர் முன் விரித்தோம். அவர் பார்த்தது கூரையைத்தான். அங்கே வைக்க இருந்த 400 வாட் சூரியப் பெனல் ஒன்று இருபது கிலோவுக்கு மேல் பாரம். நான்கு என்றால் தலைக்கு மேல் எண்பது கிலோவைத் தாண்டும். "இவ்வளவு பாரத்தை மேலே வைத்தால் ஒரு பக்கம் எல்லாரும் எழும்பி நின்றாலே போதும், படகு கவிழும்" என்றார். கூரை தாழ்ந்ததும், தண்ணீரில் மிதக்கும் இரண்டு ஒடுங்கிய அடிக்கட்டைகளுக்கு நடுவே இடைவெளி கூடியதும், பற்றரி அடித்தளத்துக்கு இறங்கியதும் அந்த ஒரு பேச்சால்தான். வடிவமைத்தது யார் என்று கேட்பவர்களுக்கு நாங்கள் மாமாவைத்தான் காட்டுகிறோம். அவர் வெட்கப்படுகிறார்.

அடுத்து மொறட்டுவையில் பொறியியல் படித்த தம்பி. எல்லோருக்கும் வேகம் வேண்டும் என்ற ஆசை. தம்பி ஒரு கடதாசியில் கணக்குப் போட்டார்: இப்படிப்பட்ட படகில் வேகத்தை இரட்டிப்பாக்க வேண்டுமென்றால் சக்தி ஏறக்குறைய எட்டு மடங்கு வேண்டும். அப்புறம் பேனாவை வைத்துவிட்டு, "ஆற்றில் உங்களுக்கு என்ன அவசரம்?" என்று கேட்டார். சரி என்று மணிக்கு 5 கிலோமீற்றரோடு நின்றோம். அந்த வேகத்துக்கு 400 வாட் அளவுதான் செலவாகிறது. நல்ல வெயிலில் பெனல்கள் அதைப்போல் பல மடங்கு தருவதால் மிச்சம் பற்றரிக்குப் போகிறது. மப்பு நாளிலும் படகு நடுவழியில் நிற்பதில்லை. மோட்டார் வாங்கப் பணம் தந்தவர்கள் கோபிக்கக் கூடாது, பெரிய மோட்டார் வேண்டாம் என்று தடுத்தவருக்குத்தான் நாங்கள் கூடக் கடமைப்பட்டிருக்கிறோம்.

கேரளத்தில் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 2017 முதல் ஓடும் 'ஆதித்யா' படகைப் பற்றிச் சொன்னவரும் அவர்தான். 75 பேரை ஏற்றும் படகு, சூரிய சக்தியில். அதைக் கேட்ட பிறகுதான் வீட்டாரின் சந்தேகம் தணிந்தது. பெனலைச் சாய்த்து வைக்கும் சட்டத்தையும் தம்பி வெட்டிவிட்டார். கொழும்பில் ஏப்ரல் தொடக்கத்தில் சூரியன் நேரே உச்சிக்கு வரும். மற்ற மாதங்களிலும் மதியத்தில் அதிகம் விலகாது. தட்டையாக வைத்தாலே போதும், பாரமும் குறைந்தது.

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெரு நானாவுக்கு இரண்டு நன்றி. பற்றரிக்கு வேண்டிய 16 லித்தியம் செல்களையும் ஒவ்வொன்றாக மீற்றரில் அளந்து, ஒரே வோல்ட் காட்டியவற்றை மட்டும் பிரித்துத் தந்தார். கடை பூட்டும் நேரம் தாண்டியும் இருந்தார். அடுத்தது வயர். வறண்ட காலத்தில் கடல் உப்பு ஆற்றுக்குள் ஏறும், சாதாரணச் செம்பு வயர் பச்சை பிடித்துவிடும் என்று சொல்லி, வெள்ளீயம் பூசிய வயரைக் கடனுக்குத் தந்தார். கடன் இன்னும் பாக்கி இருக்கிறது, நானா, மறக்கவில்லை.

பஞ்சிகாவத்தையில் ஷாஃப்டும் பேரிங்கும் தேடித் தந்தவருக்கும், கூரைச் சட்டத்தை இரும்பிலிருந்து அலுமினியத்துக்கு மாற்றித் தந்த கிராண்ட்பாஸ் வெல்டிங் பாஸுக்கும் நன்றி.

முற்றத்தைத் தந்த அத்தைக்கு என்ன சொல்வது? ஃபைபர் ஒட்டும் ரெசின் நாற்றம் உங்கள் சேலைகளில் ஏறி, அயல் வீட்டுச் சமையலறை வரை போனது. மழை நாளில் ரெசின் இறுகாமல் நாங்கள் திண்டாடியபோது தார்ப்பாய் கட்ட முதலில் வந்தவர்களும் அந்த அயல் வீட்டார்தான்.

அக்கரை ஹேகித்தையிலிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்த சிங்கள ஐயாவின் பெயர் உண்மையிலேயே எங்களுக்குத் தெரியாது. ஆகாயத்தாமரை புரொப்பெல்லரில் சுற்றி நின்றபோது, தோணியில் வந்து, முன்னால் சாய்வாக ஒரு தகடு வைத்தால் செடி வழுக்கிப் போகும் என்று கையால் காட்டிவிட்டுப் போனார். வைத்தோம். இப்போது சுற்றுவது குறைவு. அவரைத் தெரிந்தவர்கள் இதைச் சொல்லிவிடுங்கள்.

வரவு செலவுக் கொப்பி அத்தை வீட்டில் இருக்கிறது, பணம் தந்தவர்கள் எப்போதும் வந்து பார்க்கலாம். படகில் ஏற விரும்புகிறவர்கள் மே மாத மழைக்கு முன் வாருங்கள். ஆறு பெருகத் தொடங்கினால் கரையேற்றிவிடுவோம். உயிர்காப்பு அங்கி ஆறுதான் இருக்கிறது, ஆகவே வரும் நாளை முன்கூட்டியே சொல்லுங்கள்.

நன்றியுடன்,
மட்டக்குளிப் படகுக் குழுவினர்