ஆறு போர்வைகளுக்கு நன்றி

சென்னிமலைச் சொந்தங்களுக்கு வணக்கம்.

தண்ணீர் புகுந்த அந்த ராத்திரி என்ன நடந்தது என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை. நான் வரைந்த பதினோரு நீர்வண்ணப் படங்களில் எட்டு பிழைத்துவிட்டன. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

முழங்கால் தண்ணீரில் நின்று படங்களை மாடிக்கு ஏற்றிய தம்பிகள், மின்விசிறி கொண்டுவந்தவர்கள், மூன்று நாள் சோறு அனுப்பிய வீடுகள், மறுபேச்சில்லாமல் கண்காட்சித் தேதியைத் தள்ளிவைத்தவர்கள், எல்லோரையும் நேரில் வந்து பார்ப்பேன்.

எதிர்வீட்டு ஆத்தாவைப் பற்றி மட்டும் இங்கேயே சொல்ல வேண்டும்.

விடிந்ததும் நனைந்த தாள்களை மொட்டை மாடி வெயிலில் விரிக்கப் போனேன். நீர்வண்ணத்தைத் தாளோடு பிடித்துவைத்திருப்பது வேலமரப் பிசின்தான். தண்ணீர் பட்டால் மறுபடி கரையும். நாலடிக்கு ஆறடிப் பருத்தித் தாளில் ஓரம் முதலில் காய்ந்து நடு ஈரமாக நின்றால், அலையலையாக நெளிந்துவிடும். எல்லாம் எனக்குத் தெரியும். அந்தக் காலையில் எதுவும் நினைவில் இல்லை. ஆத்தா படியேறி வந்து, "சுள்ளுன்னு வெயில்ல போட்டா சுருட்டிக்கும் சாமி. பாவு காயற மாதிரி மெல்லக் காயோணும்" என்றார். ஆயுசெல்லாம் பாவுக்கு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூலுக்கு, கஞ்சி போட்ட கை அது. தறியிலிருந்து அறுத்து, விற்க மடித்து வைத்திருந்த ஆறு போர்வைகளைக் கொண்டுவந்து தாளுக்கு அடியில் விரித்தார். தடுத்தேன். காதில் வாங்கவேயில்லை. ஈரத்தையெல்லாம் துணி குடித்தது. கொஞ்சம் வண்ணத்தையும்.

பிறகு பெரிய படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். "மேக்க இருட்டிக்கிட்டு வந்து, நமக்குப் பெய்யாமயே போகுமல்லோ, அந்த மானந்தானுங்களே இது?"

அதற்கு நான் பெயர்கூட வைக்கவில்லை, எண் மட்டும்தான். என்ன படம் என்று கேட்டவர்களிடமெல்லாம் 'அரூபம்' என்று சொல்லி நகர்ந்துவிடுவேன். ஆனால் அது அந்த வானமேதான். மலைக்கு அந்தப் பக்கம் மழையை இறக்கிவிட்டு, பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக் காற்று தள்ளிவரும் மேகம். எங்கள் மானாவாரிக் காட்டுக்கு மேலே அது கறுத்துக் கடந்துபோகும்போது அப்பா அண்ணாந்து பார்ப்பார். அந்தப் பார்வையை ஒன்பது வருடமாக நீலத்தில் தேடிக்கொண்டிருக்கிறேன். ஆத்தாவுக்கு ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. மாடியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. ஈரத்தில் நிறம் பரவும் அழகை நான் முதலில் பார்த்தது நொய்யல் ஆற்றில். சாயக்கழிவு கலந்து ஒரு நாள் சிவப்பாக ஓடும், ஒரு நாள் ஊதாவாக. சின்னப் பிள்ளை, கரையில் நின்று ரசித்தேன். நம் பக்கத்து ஒரத்துப்பாளையம் அணையில் அதே தண்ணீர் தேங்கிக் காடுகழனிகளைக் கெடுத்ததும், 2011இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் ஏன் என்று வளர்ந்த பிறகுதான் புரிந்தது. சிவப்பைத் தொடும்போது இன்றும் கை தயங்குகிறது.

பெரிய படத்தில் ஒரு மூலை கரைந்திருக்கிறது. அதைச் சரிசெய்ய மாட்டேன், விற்கவும் மாட்டேன். அதன் எண்ணின் மேல் கோடு கிழித்துவிட்டு, ஆத்தா சொன்னதையே பெயராக எழுதிவிட்டேன்.

ஆத்தா, பேத்தி இதைப் படித்துக் காட்டுவாள். நாலு போர்வையில் கறை போய்விட்டது. மற்ற இரண்டிலும் பிரஷ்யன் நீலம் போகமாட்டேன் என்கிறது. நாளைக்கு இன்னொரு தடவை அலசிப் பார்க்கிறேன்.