கார்க் கீறல்களும் கரும்புச் சாம்பலும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வாகனப் பகுதியில் அண்மையில் வெளியான குறிப்பொன்றில், காரின் மேற்பூச்சில் விழும் மெல்லிய கீறல்களைப் பற்பசையாலோ ரப்பிங் காம்பவுண்ட் என்னும் கரடுமுரடான தேய்ப்புப் பசையாலோ வட்ட வட்டமாக அழுத்தித் தேய்த்துப் போக்கிவிடலாம் என்று கூறப்பட்டிருந்தது. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்கு வடக்கே வெருலம் வட்டாரத்தில், கார்களின் தகடு நெளிவெடுக்கும் பேனல் பீட்டர் பட்டறைகளில் பெயின்ட் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அந்தக் குறிப்பை அப்படியே பின்பற்றும் வாசகர்களின் கார்கள் முன்னைவிட மோசமாகிவிடும் என்ற கவலையால் இதை எழுதுகிறேன்.

ரப்பிங் காம்பவுண்ட் யோசனை பழைய கார்களின் காலத்தைச் சேர்ந்தது. அந்தக் கார்களுக்கு நிறமும் பளபளப்பும் சேர்ந்த ஒரே பூச்சுதான்; மேல்தோலைச் சற்றுத் தேய்த்தெடுத்தால் அடியில் அதே நிறம் புதிதாக வெளிப்படும். 1980-களிலிருந்து பரவலான முறையில், நிறப்பூச்சின் மேல் கிளியர் கோட் என்னும் நிறமற்ற பூச்சு அடிக்கப்படுகிறது. அது பொதுவாக 35 முதல் 50 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமன் கொண்டது, அதாவது தங்கள் நாளிதழ் அச்சாகும் தாளைவிட மெல்லியது. வெயிலின் புறஊதாக் கதிரைத் தடுத்து நிறத்தைக் காப்பதும் அதுவே. அளவுக்கு மீறித் தேய்த்து அதைக் குறைத்துவிட்டால், சில ஆண்டுகளில் பானெட்டிலும் கூரையிலும் வெளிறிச் செதில் செதிலாக உரியத் தொடங்கும்; அந்த நிலையில் எந்தப் பாலிஷும் உதவாது, மறுபடி பெயின்ட் அடிப்பதைத் தவிர வழியில்லை. தம் காருக்கு எந்த வகைப் பூச்சு என்று தெரியாதவர்கள் மறைவான ஓரிடத்தில் வெள்ளைத் துணியால் சிறிது பாலிஷ் தேய்த்துப் பார்க்கலாம். துணியில் காரின் நிறம் ஏறினால் ஒற்றைப் பூச்சு, ஏறாவிட்டால் பெரும்பாலும் கிளியர் கோட். பற்பசையில் இருக்கும் துகள்களோ பல்லின் எனாமலுக்காகச் சேர்க்கப்பட்டவை, எனாமல் கிளியர் கோட்டைவிட மிகக் கடினமானது. பற்பசை தேய்த்த இடத்தில் பழைய கீறல் மங்கினாலும், வெயிலில் பார்த்தால் அங்கே ஒரு புகைமூட்டம் படிந்திருக்கும்.

தேய்க்குமுன் கீறலின் ஆழத்தை அறிய வேண்டும். கீறலின் மேல் சிறிது தண்ணீர் தெளித்துப் பாருங்கள். நனைந்திருக்கும்போது மறைந்து உலர்ந்ததும் திரும்பத் தெரிந்தால், அது கிளியர் கோட்டுக்குள்ளேயே நிற்கிறது. நகத்தைக் குறுக்காக ஓட்டும்போது தடுக்கி நின்றால், அல்லது அடியில் வெண்மையோ சாம்பல் நிறமோ தெரிந்தால், கைவேலையை மறந்துவிட்டுப் பட்டறைக்குப் போவதே மேல்.

நகத்தில் சிக்காத கீறல்களுக்கு இயந்திரமும் வேண்டியதில்லை, கையே போதும். காரை நன்றாகக் கழுவி உலர்த்தி, நிழலில் நிறுத்தி, புறங்கையை வைத்தால் தகடு குளிர்ச்சியாக இருக்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். இங்கே கோடையான பிப்ரவரியின் வெயிலில் நின்ற பானெட்டில் பாலிஷ் வைத்தவுடனே காய்ந்துவிடும். கதவு விளிம்புகள், உடலின் கூர்மடிப்புகள் ஆகியவற்றில் பூச்சு மிகவும் மெலிந்திருக்குமாதலால் அவற்றின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்வது நல்லது. கறுப்பு பிளாஸ்டிக் பாகங்களுக்கும் டேப் வேண்டும், இல்லையேல் பாலிஷ் அவற்றில் வெள்ளையாகக் காய்ந்து லேசில் போகாது. பிறகு மென்மையான ஸ்பாஞ்சு திண்டில் நுண்துகள் பாலிஷை இரண்டு மூன்று பட்டாணி அளவு வைத்து, ஓரடிக்கு ஓரடி இடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு தேய்க்க வேண்டும். விரல்நுனியால் அழுத்தினால் அழுத்தம் கோடு கோடாகப் பதியும். உள்ளங்கையைத் தட்டையாக வைத்து, முதலில் நெடுக்காகவும் பின்னர் குறுக்காகவும் நேர்கோட்டில் செல்ல வேண்டும். வட்டமாகத் தேய்த்தால் எஞ்சும் நுண்தடங்கள், தெருவிளக்கின் கீழே சிலந்தி வலையாக மின்னும். பாலிஷ் மெல்லிய படலமாகித் தெளிந்ததும் சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து, டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாகப் பிடித்துப் பார்க்கலாம். இரண்டு மூன்று முறை செய்தும் போகாத கீறலை அப்படியே விட்டுவிடுவது நல்லது. பாலிஷ் கீறலை முழுவதும் அகற்ற வேண்டியதில்லை. ஒளியைச் சிதறடிக்கும் அதன் கூரிய விளிம்புகள் மழுங்கினாலே கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். தரையில் விழுந்த துணியைத் துவைக்காமல் மீண்டும் காரில் வைக்கவே கூடாது என்று பட்டறையில் புதிதாகச் சேரும் பையன்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவோம்.

கடைகளில் விற்கும் சில பாலிஷ்களில் எண்ணெயும் நிரப்பியும் கலந்திருக்கும். அவை கீறலை நிரப்பி மறைக்கும், சில முறை கழுவியதும் கீறல் மீண்டும் தலைகாட்டும். ஏமாற்று என்று சொல்லமாட்டேன், ஆனால் வாங்குகிறவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

இந்தக் கீறல்கள் எங்கிருந்து வருகின்றன என்பதைத் தங்கள் குறிப்பு தொடவே இல்லை. டர்பனுக்கு வடக்கேயுள்ள எங்கள் கடற்கரைப் பகுதியில், வெருலம், டோங்காட், மவுண்ட் எட்ஜ்கம்ப் பக்கமெல்லாம், அறுவடைக் காலத்தில் கரும்புத் தோட்டங்களைக் கொளுத்தும்போது கருஞ்சுருள்களாகச் சாம்பல் பறந்து வந்து கார்களின் மேல் படிகிறது. தொட்டால் நொறுங்கும் அதைப் பார்ப்பவர்கள், கையிலிருக்கும் காய்ந்த துணியால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். கரும்புத் தோகையில் சிலிக்கா மிகுதி, மணலில் இருப்பதும் அதுவே. எரிந்த பின்னும் அது சாம்பலில் தங்கிவிடுவதால், அந்த ஒரு துடைப்பிலேயே நூற்றுக்கணக்கான மயிரிழைக் கீறல்கள் விழுந்துவிடும். கடற்காற்று கொண்டுவரும் உப்பும் மணலும் வேறு. வணிக வளாக வாகன நிறுத்தங்களில் ஒரே வாளித் தண்ணீரில் கார் மேல் கார் கழுவுகிற பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்களுக்குத் தண்ணீர் கிடைப்பதே பெரும்பாடு. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டோங்காட் நீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமடைந்து மாதக்கணக்கில் குழாய் வறண்டிருந்தபோது, நாங்கள் எல்லோருமே அப்படித்தான் செய்தோம்.

சாம்பல் விழுந்தால் முதலில் தண்ணீரை மேலிருந்து ஊற்றி, துணி படாமலே அதை வழிந்தோடவிட வேண்டும். அதன்பின் கார் ஷாம்பூவுக்கு ஒரு வாளியும் துணியை அலசுவதற்கு இன்னொரு வாளியும் வைத்துக்கொண்டு மேலிருந்து கீழாகக் கழுவலாம். தண்ணீர் இல்லாத நாளில் துடைக்காமல் விடுவதே காருக்கு நல்லது. பாலிஷ் போட்ட இடத்தில் வேக்ஸ் பூசிவைத்தால் அடுத்த முறை சாம்பல் எளிதாக வழுவும்.

இங்கே கரும்பு வெட்டு ஏறத்தாழ ஏப்ரலில் தொடங்கிவிடும். அதற்குள் இந்தத் திருத்தத்தைத் தங்கள் வாகனப் பகுதியிலேயே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். பற்பசை யோசனையை இதற்குள் செய்து பார்த்துவிட்ட வாசகர்கள், அந்த இடத்தை வெறும் ஷாம்பூ நீரால் கழுவி, மேலே சொன்னபடி நுண்துகள் பாலிஷை ஒரு முறை நேர்கோட்டில் தேய்த்துப் பார்க்கலாம். பெரும்பாலும் மூட்டம் விலகிவிடும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
வெருலம், தென்னாப்பிரிக்கா