நெற்றி வெப்பமானி காய்ச்சலைக் குறைத்துக் காட்டுவது குறித்த புகார்

அனுப்புநர்
பொறுப்பாளர்,
மழலையர் பகல் காப்பகம்,
மஞ்சக்குப்பம், கடலூர் – 607 001.

பெறுநர்
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர்,
வெப்பமானி தயாரிப்பு நிறுவனம்.

பொருள்: தொடாமல் அளக்கும் தங்கள் அகச்சிவப்பு வெப்பமானி தவறான அளவு காட்டுவது – தொகையைத் திரும்பத் தரவும் பெட்டியிலுள்ள வாசகத்தைத் திருத்தவும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். காலையில் வந்து இறங்கும் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று வாசலிலேயே பார்த்துவிடுவதற்காகத் தங்கள் நிறுவனத்தின் நெற்றி வெப்பமானியைக் கடந்த சித்திரையில் வாங்கினோம். சென்ற வாரம் மூன்று வயதுக் குழந்தையைக் கொண்டுவந்து விட்ட தாயார், இரவெல்லாம் உடம்பு கணகணவென்று இருந்ததாகச் சொன்னார். கருவியோ 98.1 என்று காட்டிப் பச்சை விளக்கை எரியவிட்டது. கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்த்த எங்கள் ஆயாவுக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டரை அக்குளில் வைத்து, கையை உடலோடு சேர்த்துப் பிடித்து, அது ஒலி எழுப்பும்வரை காத்திருந்து எடுத்துப் பார்த்தபோது 101.8 இருந்தது. குழந்தை மருத்துவரிடம் காட்டியபோது அங்கும் 102-ஐ ஒட்டியே இருந்தது.

இதைத் தங்கள் வாடிக்கையாளர் சேவை எண்ணில் தெரிவித்ததற்கு, நெற்றியில் வியர்வை இருந்திருக்கும், அறை சூடாக இருந்திருக்கும், கருவியில் குறை ஏதுமில்லை, வேண்டுமானால் ஒரு டிகிரி கூட்டிக்கொள்ளுங்கள் என்று பதில் சொன்னார்கள். வேறுபாடு ஒரு டிகிரி அல்ல, 3.7 டிகிரி ஃபாரன்ஹீட். அது போகட்டும், வாங்கியவரே கூட்டிக் கழித்துக்கொள்ள வேண்டும் என்றால் அளவுகருவி எதற்கு என்பதைத் தாங்கள்தான் விளக்க வேண்டும்.

பெட்டியின் முகப்பில் ‘துல்லியம் ±0.2°’ என்று பெரிதாக அச்சிட்டிருக்கிறீர்கள். திரையில் தெரிவது ஃபாரன்ஹீட் என்பதால், வாங்குபவர் அதை ஃபாரன்ஹீட் என்றே எடுத்துக்கொள்வார். அது செல்சியஸ் என்பதும், ஃபாரன்ஹீட்டில் ஏறக்குறைய 0.36 ஆகும் என்பதும் உள்ளே இருக்கும் கையேட்டைப் பிரித்துப் படித்தால்தான் தெரிகிறது. அதைவிட முக்கியமானது, அந்த எண் ஆய்வகத்தில் சீரான வெப்பத்தில் வைக்கப்பட்ட கரும்பொருளை (வெப்பமானியைச் சோதிப்பதற்கான, வெப்பம் துல்லியமாகத் தெரிந்த மாதிரிப் பொருளை) பார்த்து அளந்தபோது கிடைப்பது. வெயிலில் ஆட்டோவில் வந்து இறங்கிய குழந்தையின் நெற்றியில் கிடைப்பது அல்ல. மருத்துவ வெப்பமானிகளுக்கான ஐ.எஸ்.ஓ. 80601-2-56 தரநிலையே ஆய்வகத் துல்லியத்தையும் மனிதர்களிடம் அளக்கும்போது காணும் துல்லியத்தையும் தனித்தனியாகத்தான் பார்க்கிறது. தாங்கள் முதலாவதை மட்டும் பெட்டியில் போட்டு, இரண்டாவதைப் பற்றி எங்குமே பேசவில்லை.

இவ்வகைக் கருவி உடலின் உள்வெப்பத்தை நேரடியாக அளப்பதில்லை. தோல் வெளிவிடும் அகச்சிவப்புக் கதிர்களை உணரி வாங்கி, தன் சொந்த வெப்பநிலையோடு ஒப்பிட்டு, அதிலிருந்து கணக்கிட்ட ஓர் எண்ணையே திரையில் காட்டுகிறது. ஆகவே குளிரூட்டிய அலுவலக அறையிலிருந்து வாசலுக்கு எடுத்துவந்த உடனே அளந்தால் கருவியே நிலைகொள்ளாமல் இருக்கும். வியர்வை ஆவியாகும்போது தோல் குளிர்ந்துவிடும். எல்லாவற்றையும் விட, உடல் நடுங்கிக் காய்ச்சல் ஏறும் நேரத்தில் தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்குவதால், உள்ளே வெப்பம் உயர்ந்துகொண்டிருக்கும்போதே நெற்றி குளிர்ந்திருக்கலாம். எந்த நேரத்தில் எச்சரிக்கை வேண்டுமோ அந்த நேரத்தில்தான் பச்சை விளக்கு எரிகிறது. விளக்கைப் பார்த்தபின் யாரும் எண்ணைக்கூடக் கவனிப்பதில்லை.

கையேட்டின் கடைசிப் பக்கத்தில், கண்ணாடி போட்டும் படிக்கச் சிரமமான ஆங்கில எழுத்தில், 15 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரையுள்ள சூழலில் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்றும், இடம் மாற்றினால் 30 நிமிடம் காத்திருக்க வேண்டும் என்றும் உள்ளது. அக்னி நட்சத்திரத்தில், மின்சாரம் நின்று மின்விசிறியும் நின்றுவிட்ட கடலூர் வீட்டில் 35 டிகிரிக்குள் இருக்கும் அறையைத் தாங்கள் காட்டினால் நல்லது. தமிழ்நாடெங்கும் விற்கும் பொருளுக்கு இந்த வரம்பை முகப்பில் சொல்லாமல் மறைத்ததையே நான் முதன்மையான குறையாகக் கருதுகிறேன். நெற்றியில் அளந்ததை வாய் வெப்பமாக மாற்றிக் காட்டுகிறதா, அக்குள் வெப்பமாகவா, வேறெதுவுமா என்பதும் கையேட்டில் இல்லை.

அக்குளில் அளப்பதும் வாயில் அளப்பதைவிடச் சற்றுக் குறைவாகவே காட்டும் என்பதை நான் அறிவேன். ஆனால் அது ஒரே குழந்தைக்கு அடுத்தடுத்து அளந்தால் ஏறக்குறைய ஒரே எண்ணைத் தருகிறது. தங்கள் கருவி ஒரே நெற்றியில், நடுவிலிருந்து காதோரப் பொட்டுப் பக்கம் சற்று நகர்த்திய மாத்திரத்தில், 97.1, 98.9, 96.6 என்று மாறி மாறிக் காட்டியது. அதைக் கைப்பேசியில் படம் பிடித்து இணைத்துள்ளேன்.

எனவே கருவியைத் திரும்பப் பெற்றுக்கொண்டு முழுத் தொகையையும் வழங்குமாறும், இந்தக் கருவியின் வரிசை எண்ணுக்குரிய அளவுத்திருத்தச் சான்றை (சரியாக அளக்கிறதா என்று சோதித்ததற்கான சான்றை) அனுப்புமாறும் கேட்டுக்கொள்கிறேன். இனி விற்கும் பெட்டிகளின் முகப்பில் சூழல் வெப்ப வரம்பு, காத்திருக்க வேண்டிய நேரம், எந்த உடற்பகுதிக்கு ஈடான அளவு என்பவற்றைத் தமிழில் தெளிவாக அச்சிடவும் வேண்டும். 15 நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் வராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்வதோடு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் கீழ் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையும் அணுகுவேன்.

இணைப்பு: ரசீது நகல், ஒளிப்படங்கள், மருத்துவர் சீட்டின் நகல் (குழந்தையின் பெயர் மறைக்கப்பட்டது).

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பொறுப்பாளர்