பாரட்ஸ் சாப்பலும் கல்லறை இல்லாத கோக்கும்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து படியேறுகிறாய் என்று படித்ததும் நிம்மதி. அதற்காகச் சைக்கிளைத் தொட்டுவிடாதே.

நான் இன்னும் அமெரிக்காவில், டெலவேர் மாநிலத்தில் மகள் வீட்டில்தான். ஞாயிறன்று மருமகன், "மாமா, இது உங்களுக்குப் பிடிக்கும்" என்று பிரடெரிக்கா என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் ஒரு பழைய மெதடிஸ்தக் கோயிலுக்குக் கூட்டிப்போனார். பாரட்ஸ் சாப்பல் என்று பெயர். 1780ல், அமெரிக்கர்கள் இங்கிலாந்தை எதிர்த்த புரட்சிப் போர் நடந்துகொண்டிருந்தபோதே கட்டியது. 42க்கு 48 அடி, செங்கல் கட்டடம். கோபுரம் கிடையாது. வெளியே நின்று பார்த்தால் யாரோ வசதியானவருடைய வீடு என்றுதான் நினைப்பாய். நிலம் கொடுத்த பிலிப் பாரட் அந்த மாவட்டத்தின் ஷெரிப்.

அந்தக் காலத்தில் மெதடிஸ்தர் என்றாலே அமெரிக்கர்களுக்குச் சந்தேகம். மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி இங்கிலாந்திலிருந்துகொண்டு புரட்சிக்கு எதிராக எழுதிவிட்டார், பிறகு எப்படி நம்புவார்கள்? அவர் அனுப்பிய பிரசங்கிமார் ஒவ்வொருவராகத் திரும்பிப் போய்விட, பிரான்சிஸ் ஆஸ்பரி மட்டும் நின்றார். டெலவேரில் ஒரு நீதிபதியின் வீட்டில் ஒதுங்கியிருந்துதான் அந்தக் காலத்தைக் கடத்தினார். இன்னொரு சிக்கலும் இருந்தது. இங்கே பிரசங்கித்தவர்கள் குருப்பட்டம் பெறாதவர்கள், ஞானஸ்நானமோ திருவிருந்தோ கொடுக்க முடியாது. இங்கிலாந்துத் திருச்சபைக் குருமாரிலும் பலர் போய்விட்டார்கள். கடைசியில் வெஸ்லி தானே இரண்டு பேருக்குப் பட்டம் கொடுத்து, ஏற்கெனவே குருவாக இருந்த தோமஸ் கோக்கை அமெரிக்க மெதடிஸ்தர்களுக்குத் தலைவராக்கி, அவர்களோடு கப்பலேற்றினார்.

கோக் என்றதும் உனக்கு நம் பள்ளிக்கூடம் ஞாபகம் வந்திருக்கும். எனக்கும் அப்படித்தான், அங்கேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

1784 நவம்பர் 14. காட்டுக்கு நடுவே இருந்த இந்தக் கோயிலில் கோக் பிரசங்கம் முடித்த கையோடு, ஒரு திடமான, எளிய மனிதர் நேரே பிரசங்க மேடைக்கு வந்து அவரை முத்தமிட்டாராம். ஆஸ்பரியாகத்தான் இருக்க வேண்டும் என்று கோக் ஊகித்தார், சரியாகவே இருந்தது. அந்தச் சந்திப்பின் அடையாளமாகத் தரையில் ஒரு நட்சத்திரம் பதித்திருக்கிறார்கள். அன்றைக்குத் திருவிருந்தும் நடந்தது. பிறகு பாரட்டின் விதவை வீட்டில் சாப்பாடு. பாவம், கட்டிய மனிதர் அதே வருடம்தான் போய்ச் சேர்ந்திருந்தார். கோக்கோடு தன்னையும் தலைவராக்கிய வெஸ்லியின் நியமனம் மட்டும் போதாது, பிரசங்கிமார் கூடித் தெரிவுசெய்தால்தான் பொறுப்பேற்பேன் என்றார் ஆஸ்பரி. அந்த வருடக் கிறிஸ்துமஸுக்குப் பால்டிமோரில் கூடினார்கள், அமெரிக்க மெதடிஸ்த சபை பிறந்தது. அடிமைகளை விடுவிக்க வேண்டும் என்றும் அங்கே விதி போட்டார்கள். ஒரு வருடம் தாக்குப்பிடிக்கவில்லை, நிறுத்தி வைத்துவிட்டார்கள். 1844ல் சபை இரண்டாக உடைந்ததும் இதே விஷயத்தில்தான். இதை மட்டும் என்னால் சும்மா கடந்துபோக முடியவில்லை.

அப்புறம் வெளியே சேமக்காலை. பழைய பளிங்குக் கற்களை மழை அரித்து, எழுத்தெல்லாம் சர்க்கரை கரைந்த மாதிரி ஆகிவிட்டது. சுண்ணக்கட்டி தேய்த்துப் படிக்கக்கூடாது, கல் கெட்டுவிடும். மருமகன் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்து வெயிலைச் சாய்வாக அடித்தார், எழுத்துகள் எழும்பி வந்தன! இந்த நாட்டுப் பழைய கற்களில் பிறந்த தேதிக்குப் பதில், இத்தனை வருடம், இத்தனை மாதம், இத்தனை நாள் வாழ்ந்தார் என்றே பல இடத்தில் வெட்டியிருப்பார்கள். 'கன்சார்ட்' என்றிருந்தால் கணவனுக்கு முன் போனவள், 'ரெலிக்ட்' என்றிருந்தால் கணவனை இழந்து வாழ்ந்தவள். ஒரே சொல்லில் அவள் வாழ்க்கையின் பாதி.

அங்கே நின்றபோது கோக்கைத்தான் நினைத்தேன். குதிரையிலேயே வாழ்ந்து தேய்ந்த ஆஸ்பரிக்குக்கூடப் பால்டிமோரில் கல்லறை இருக்கிறது. கோக்குக்கு இல்லை. அறுபத்தாறு வயதில், தன் கைப்பணத்தைப் போட்டு, இலங்கைக்கு ஆட்களைத் திரட்டிக்கொண்டு புறப்பட்டார். 1814 மே 3, காலையில் கப்பல் அறையில் இறந்து கிடந்தார். பம்பாய்க்கு மூன்று வாரம்கூட இல்லை. உடலை இந்து சமுத்திரத்தில் இறக்கிவிட்டார்கள். பண ஏற்பாடெல்லாம் அவர் பெயரில், கூட வந்த இளைஞர்களோ திகைத்துப்போனார்கள். பம்பாயில் ஒரு வணிகர் கடன் கொடுத்ததால்தான் பயணம் தொடர்ந்தது. அதில் ஒருவர்தான் நம் மட்டக்களப்புக்கு வந்த வில்லியம் ஓல்ட். அவரும் அடுத்த வருடமே போய்விட்டார்.

பள்ளியில் இந்தப் பெயர்களை எத்தனை தரம் ஒப்பித்திருப்போம்! கோக் ஒரு காட்டுக் கோயிலில் நின்று முத்தம் வாங்கிய மனிதர் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சரித்திரத்தில் நான் இன்னும் கொஞ்சம் புள்ளி வாங்கியிருப்பேன்.

அக்டோபரில் வருகிறேன். அதற்குள் கால் நன்றாகிவிட்டால், ஒரு நாள் பின்னேரம் வெயில் சாயும்போது நம்மூர்ச் சேமக்காலைக்குப் போய்ப் பழைய கற்களைப் பார்த்து வை. கண்ணாடி எடுத்துக்கொண்டு போ.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்